மணமுறிவும் கடப்பிதழும்: எந்த முடிச்சு முதலில் அவிழ்கிறது?

முகூர்த்த நாள்களில் பத்துமலை அடிவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் நேர்த்திக்கடன் செலுத்த வந்த குடும்பங்கள், இன்னொரு பக்கம் நாதஸ்வரமும் மேளமுமாகக் கல்யாணக் கூட்டம். மாப்பிள்ளை கிள்ளான்காரர். மணப்பெண் தஞ்சாவூர்ப் பக்கமோ, திருச்சிப் பக்கமோ. கெட்டிமேளம் முழங்க, தாலிக்கு மூன்று முடிச்சு விழுகிறது. எல்லாரும் அட்சதை தூவி வாழ்த்துகிறார்கள்.

ஆனால், வெளிநாட்டிலிருந்து வாழ வந்த பெண்ணுக்குச் சட்டமும் மூன்று முடிச்சுப் போடுகிறது. முதல் முடிச்சு, கோயிலில் கட்டிய தாலி. இரண்டாவது, திருமணப் பதிவதிகாரியின் ஏட்டில் இடும் கையெழுத்து. மூன்றாவது, குடிநுழைவுத் துறை அவளுடைய கடப்பிதழில் தரும் அனுமதி. குடும்பம் நன்றாக நடக்கும்வரை இந்த மூன்றும் ஒரே முடிச்சாகத்தான் தெரியும். குடும்பத்தில் விரிசல் விழும்போதுதான் மூன்றும் வேறு வேறு என்பது தெரிய வரும்.

மணவிலக்கு கிடைத்தால் மூன்றும் ஒன்றாக அவிழ்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. கடைசியாகப் போட்ட முடிச்சுதான் முதலில் அவிழ்கிறது. நீதிமன்றத்தின் படியை மிதிப்பதற்கு முன்பே, நாட்டில் தங்கும் அனுமதி ஆட்டம் காணத் தொடங்கிவிடுகிறது. இது ஏன் இப்படி அமைந்தது? விடை தேட நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

கப்பல் காலத்துக் கணக்கு

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிய காலத்தை நம் பாட்டன்மார் மறக்கவில்லை. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலின் பெயரைச் சொன்னாலே போதும், பெரியவர்கள் கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் வருவோரைத் தடுக்க யாரும் முனையவில்லை. கணவன் இங்கே பால்மரம் வெட்டுவான். மனைவி ஊரில் மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொண்டு, காணி நிலத்தைக் காத்துக்கொண்டு இருப்பாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்ட தம்பதிகளும் உண்டு.

1938ஆம் ஆண்டு ஜூன் மாதம், உதவித்தொகையுடன் தோட்டத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. அது அந்தப் பக்கத்துக் கதவு. இந்தப் பக்கத்துக் கதவு 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி இறுகியது. 1952ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் அன்றுதான் நடப்புக்கு வந்தது. அதன் பிறகு நினைத்தவர் நினைத்தபடி வர முடியவில்லை. இங்கே குடியிருப்பவரின் மனைவி, பிள்ளைகள் என்ற தகுதியில் வருவது முக்கிய வழியானது. அதாவது, கணவனுக்கு இங்கே இருந்த தகுதிதான் மனைவிக்குக் கதவைத் திறந்தது. அவளுக்கென்று தனிச் சாவி இல்லை.

1959ஆம் ஆண்டில் அந்தக் கதவு மேலும் குறுகியது. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவி இனி உள்ளே வர முடியாது என்று விதி வந்தது. இந்த மண்ணிலேயே வேரூன்றிய, இந்த நாட்டுக்கே விசுவாசமான மக்கள் சமுதாயம் உருவாக வேண்டும் என்பது அரசாங்கம் சொன்ன நியாயம். புதிதாக எழும் நாட்டுக்கு அந்தக் கவலை இருப்பது இயல்புதான்.

ஆனால், அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். அவள் கணவனோடு சண்டை போட்டுப் பிரியவில்லை. மணவிலக்குக் கேட்கவும் இல்லை. வறுமையும் கப்பல் கட்டணமும் அவளை ஊரில் நிறுத்தி வைத்தன. அப்படியிருந்தும், பிரிந்திருந்த காலமே அவள் வருகைக்குத் தடையாகிவிட்டது. தம்பதியர் பிரிந்து வாழ்வது குடிநுழைவுக் கணக்கில் பெண்ணின் உரிமையைக் குறைக்கும் என்ற பாடத்தை நம் சமுதாயம் அப்போதே கற்றிருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற பழைய வழக்கம்

கணவனின் தகுதியே மனைவியின் தகுதி என்ற எண்ணம் மலாயாவில் முளைத்ததல்ல. ஆங்கிலேயச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குக் கணவனின் நாடே நாடு. அந்நியனை மணந்த பிரிட்டிஷ் பெண் தன் பிரிட்டிஷ் தகுதியை இழந்தாள். 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தேசியச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. சுதந்திர பூமி எனப்படும் அமெரிக்காவும் விலக்கல்ல. அந்நியனை மணக்கும் அமெரிக்கப் பெண் குடியுரிமையை இழப்பாள் என்று 1907இல் சட்டம் போட்டார்கள். 1922இல்தான் அதைத் தளர்த்தத் தொடங்கினார்கள்.

மணவிலக்குக்கும் இதே கணக்குதான். இதில் நம் பக்கத்து இலங்கையிலிருந்து போன ஒரு வழக்கு உலகப் புகழ் பெற்றது. இலங்கை நிர்வாகச் சேவையில் இருந்த லெ மெசூரியர் என்ற ஆங்கிலேய அதிகாரி, மணவிலக்குக் கேட்டு இலங்கை நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1895இல் தீர்ப்பு வந்தது. ஒருவர் எத்தனை ஆண்டு ஓர் ஊரில் வேலை பார்த்தாலும் போதாது. எந்த நாட்டை நிலையான தாயகமாகக் கொண்டிருக்கிறாரோ, அந்த நாட்டு நீதிமன்றம்தான் மணவிலக்குத் தர முடியும் என்பது அதன் சாரம். சட்டக்காரர்கள் இதை 'டோமிசைல்' என்பார்கள். நிலைவாசம் என்று நாம் சொல்லலாம்.

இதில் பெண்ணுக்கு என்ன பாதிப்பு? மணமான பெண்ணுக்குச் சொந்த நிலைவாசம் கிடையாது. கணவனுடையதே அவளுடையது என்று அன்றைய சட்டம் கொண்டது. கணவன் அவளைக் கைவிட்டு வேறு நாட்டுக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டால், அவளுடைய நிலைவாசமும் அவனோடு கப்பல் ஏறிவிடும். அவள் நின்ற இடத்தில் வழக்குப் போட முடியாது.

இங்கிலாந்து 1973இல் சட்டம் இயற்றி, மனைவிக்குத் தனி நிலைவாசம் கொடுத்துவிட்டது. நம் நாட்டிலோ, 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நிலைவாசத்தையே அடிப்படையாக வைத்துக்கொண்டது. இந்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இதுதான் குடும்பச் சட்டம். முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம் தனி.

ஆனாலும் இந்தச் சட்டத்தின் 49ஆவது பிரிவு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறது. இங்கே நிலைவாசம் கொண்டிருந்த கணவன் மனைவியைக் கைவிட்டிருந்தாலும், அவன் நாடு கடத்தப்பட்டிருந்தாலும், மனைவி இங்கே வழக்குத் தொடரலாம். மனு போடுவதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் அவள் வழக்கமாக மலேசியாவில் வசித்திருந்தாலும் தொடரலாம். 1895ஆம் ஆண்டுத் தீர்ப்பு மூடிய வழியில் ஒரு பகுதியை இந்தப் பிரிவு திறந்துவிடுகிறது. வாழ வந்த பெண்கள் அறிந்திருக்க வேண்டிய பிரிவு இது.

இரண்டு நாள்காட்டிகள்

ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்து ஓராண்டு ஆகிறது. நீண்ட கால சமூக வருகை பாஸில் தங்கியிருக்கிறாள். அதற்குக் கணவர்தான் பொறுப்பாளர். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கணவர் உடன் வர வேண்டும். அவருடைய ஒப்புதல் வேண்டும். வீட்டில் நிம்மதி இல்லை. கணவர் கோபத்தில் சொல்கிறார்: "பாஸுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஊருக்குப் போ!"

இவள் மணவிலக்குக் கேட்கலாமா? திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகும்வரை மனுவே போட முடியாது என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம். பொறுக்க முடியாத கொடுமை போன்ற விதிவிலக்கான நிலையில் மட்டுமே நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி கிடைக்கும். இரண்டு ஆண்டு கடந்த பின்பும், ஒருவர் மட்டும் கேட்கும் மணவிலக்கு என்றால் முதலில் சமரசக் குழுவின் முன் போக வேண்டும். தீர்ப்பு வந்தாலும் அது இடைக்காலத் தீர்ப்புதான். பொதுவாக மூன்று மாதம் கழித்தே முழுத் தீர்ப்பாகும்.

குடும்பங்கள் அவசரப்பட்டு உடையக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் சட்டம் இந்தப் படிகளை வைத்தது. குறை சொல்ல முடியாது. ஆனால் நீதிமன்றத்தின் நாள்காட்டி ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்கிறது. குடிநுழைவுத் துறையின் நாள்காட்டியோ பாஸ் முடியும் தேதியோடு நின்றுவிடுகிறது. நடுவில் சிக்கியவள் அந்தப் பெண்.

அவள் முன் இப்போது இருப்பவை எவை? பாஸ் முடிந்தும் தங்கினால் குற்றவாளி. அபராதம், சிறை, நாடு கடத்தல், மறுபடி நுழையத் தடை என்று வரிசையாக வரும். பயந்துபோய் ஊருக்குத் திரும்பினால் வழக்கு, ஜீவனாம்சம், சொத்தில் பங்கு எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டியவை ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு அடி வாங்கினால் பாஸ் மட்டும் பிழைக்கும்.

1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் நடப்புக்கு வந்தது. வெளிநாட்டு மனைவியும் போலீஸில் புகார் கொடுத்துப் பாதுகாப்பு ஆணை பெறலாம். அடிக்கும் கையைத் தடுக்கும் சட்டம் அது. பாஸைப் புதுப்பித்துத் தரும் சட்டம் அல்ல.

மற்ற நாடுகள் இந்த இடைவெளியைக் கண்டு வழி செய்திருக்கின்றன. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கொடுமைக்கு ஆளான துணை, கணவனின் கையெழுத்து இல்லாமலே தன் பெயரில் குடியிருப்புரிமைக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. பிரிட்டனும் 2002இல் தன் குடிநுழைவு விதிகளில் அப்படி ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தது. நம் நாட்டில் மணவிலக்கான அல்லது கணவரை இழந்த வெளிநாட்டுப் பெண், குடிமக்களான பிள்ளைகளை முன்னிட்டுத் தொடர்ந்து தங்க விண்ணப்பிக்கலாம். ஆனால் அது உரிமையாகக் கேட்டுப் பெறுவதல்ல. அதிகாரிகள் ஆராய்ந்து தந்தால் உண்டு.

நீலக் கார்டு கிடைத்த பிறகு?

"குடியுரிமை வாங்கிவிட்டால் கவலை இல்லையே?" என்று சிலர் கேட்கலாம். அங்கேயும் ஒரு வரலாறு இருக்கிறது.

நம் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, குடிமகனின் மனைவி பதிவின் மூலம் குடியுரிமை பெற வழி வைத்தது. 1962ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும் என்ற நிபந்தனைகள் வந்தன. நடைமுறையில் முதலில் நிரந்தர வசிப்பிடத் தகுதி வாங்கிவிட்டுத்தான் குடியுரிமைக்குப் போக வேண்டும். காத்திருந்து காத்திருந்து தலை நரைத்தவர்கள் உண்டு. மலேசியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கோ, 15ஆவது பிரிவில் இடமே இல்லை.

அதே அரசியல் சட்டத்தின் 26ஆவது பிரிவில் இரண்டாம் உட்பிரிவு ஒன்று உண்டு. திருமணத்தின் வழியாகக் குடியுரிமை பெற்ற பெண்ணின் மணவாழ்வு, மரணத்தால் அன்றி வேறு வகையில், திருமண நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறிந்தால் அவளுடைய குடியுரிமையை அரசாங்கம் பறிக்கலாம் என்றது அது. குடியுரிமை பெறவே இரண்டு ஆண்டு வசிக்க வேண்டும் என்பதால், இந்தப் பழைய விதி பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்தது.

2024இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது இந்தக் கணக்கும் மாறியது. இரண்டு ஆண்டுகளைத் திருமண நாளிலிருந்து எண்ணாமல், குடியுரிமை பெற்ற நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று ஆக்கினார்கள். குடியுரிமைக்காகவே நடக்கும் போலித் திருமணங்களைத் தடுப்பது அரசாங்கத்தின் நோக்கம். அந்த அக்கறையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பத்து ஆண்டு குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, கடைசியில் நீலக் கார்டு வாங்கிய பெண்ணுக்கும் இதே இரண்டு ஆண்டுதான். அந்தக் காலத்தில் வீட்டில் அடி விழுந்தாலும் அவள் நீதிமன்றம் போக யோசிப்பாள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார் என்பது 1955ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம். ஆக, மலேசியப் பிரஜையான தஞ்சாவூர்ப் பெண் இனி இந்தியப் பிரஜை அல்ல. இங்கேயும் பறிக்கப்பட்டால் அவள் எந்த நாட்டுக்காரி? குடியுரிமையைப் பறிப்பதால் ஒருவர் நாடற்றவர் ஆகக்கூடாது என்ற பாதுகாப்பு நம் அரசியல் சட்டத்தின் 26பி பிரிவில் இருக்கிறது. ஆனால் அது சில வகைப் பறிப்புகளுக்கு மட்டுமே. மணமுறிவால் வரும் பறிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கேட்டால் விசாரணைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற நடைமுறை மட்டும் துணையாக இருக்கிறது.

இந்தியப் பக்கமும் இதே கதைதான். இந்தியரை மணந்ததால் கிடைக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓ.சி.ஐ. கார்டு, மணவிலக்கானால் ரத்தாகலாம் என்று 2015இல் அங்கே சட்டம் வந்தது. தமிழ்நாட்டுக்கு வாழப் போகும் நம் பெண்கள், கணவரை வைத்து அந்த அட்டை கேட்பதைவிட, தங்கள் தாத்தா பாட்டியின் இந்திய வம்சாவளியைக் காட்டித் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. தன் வழியாக வந்த தகுதியை மணமுறிவு தொடாது.

கடல் தாண்டாத தீர்ப்பு

ஷா ஆலம் நீதிமன்றத்தில் மணவிலக்கு வாங்கிவிட்டால் தஞ்சாவூரிலும் அது செல்லுமா? செல்லும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

1991இல் நரசிம்ம ராவ் எதிர் வெங்கட லட்சுமி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பைத் தந்தது. கணவர் அமெரிக்க நீதிமன்றத்தில் வாங்கிய மணவிலக்கு இந்தியாவில் செல்லாது என்றது. தம்பதியர் எந்தச் சட்டப்படி மணந்தார்களோ, அந்தச் சட்டம் ஏற்கும் காரணம் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு மனமுவந்து அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு வழக்கில் கலந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது மணவிலக்குக்குச் சம்மதித்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. மனைவிக்குத் தெரியாமல் வெளிநாட்டில் தீர்ப்பு வாங்கும் கணவர்களுக்கு அது ஒரு கடிவாளம்.

ஆனால் அதே கடிவாளம் பெண்ணையும் இழுக்கும். தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை இங்கே ஒருதரப்பாக முறித்துக்கொண்டால், மலேசியாவில் மணவிலக்கானவள் இந்தியாவில் இன்னும் மனைவியாக இருக்கக்கூடும். அந்த நிலையில் மறுமணம் செய்தால் வழக்கு வரும். இருவரும் ஒத்துப் பிரிவதற்கு இரண்டு நாட்டுச் சட்டங்களிலும் இடம் இருக்கிறது. ஒட்டாத உறவை அப்படிப் பேசி முடிப்பது பல சிக்கல்களைக் குறைக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஒரு நாட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்ட குழந்தையைத் திருப்பி அனுப்ப 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவும் மலேசியாவும் அதில் சேரவில்லை. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனாலும், தந்தை குழந்தையை மட்டும் இங்கே நிறுத்திக்கொண்டு தாயை அனுப்பினாலும், மீட்பது நீண்ட போராட்டம். குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோகத் தடை கேட்கத் தாய்க்கும் உரிமை உண்டு, தந்தைக்கும் உண்டு. விமானம் ஏறிய பிறகு அந்தத் தடையால் பெரிய பயன் இல்லை.

முடிச்சுப் போடும்போதே

வரலாறு திரும்பத் திரும்ப ஒன்றையே காட்டுகிறது. 1895இல் நிலைவாசம், 1959இல் ஐந்து ஆண்டுப் பிரிவு, அதன் பிறகு பாஸ், 2024இல் இரண்டு ஆண்டுக் கணக்கு. பெயர்தான் மாறியது. வாழ வந்தவளின் தகுதி வாழ்க்கைத் துணையின் தகுதியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. சட்டம் மாறும்வரை குடும்பங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு.

கோயிலில் தாலி கட்டியதோடு நிற்காமல் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். இந்தியாவில் நடந்த கல்யாணமானால், சட்டம் தரும் ஆறு மாதத் தவணைக்குள் மலேசியத் தூதரகத்திலோ, திரும்பி வந்த பின் இங்குள்ள பதிவிலாகாவிலோ பதிந்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழ், கடப்பிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் நகல்கள் பெண்ணின் கையிலும் இருக்கட்டும். பாஸ் முடியும் தேதியை அவளும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

விரிசல் விழுந்துவிட்டால் பாஸ் உயிரோடு இருக்கும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களை நாடுங்கள். "ஊருக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம்" என்று டிக்கெட் எடுத்துவிட்டால், திரும்பி வரும் கதவு திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெண்ணெடுக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. நிச்சயதார்த்தத்தில் நகை எத்தனை பவுன் என்று பேசுகிறோம். மண்டபம் எங்கே என்று பேசுகிறோம். "எங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணின் தங்கும் தகுதியை நாங்கள் ஒருநாளும் ஆயுதமாக்க மாட்டோம்" என்று எத்தனை வீட்டில் பேசியிருக்கிறோம்? பிள்ளையைப் பெற்றவர்கள் சபையில் அந்த உறுதியைக் கொடுக்க வேண்டும். மனம் ஒட்டாமல் போனால் பிரியலாம். பிரிகிறவளைப் பிள்ளையும் இல்லாமல், நாடும் இல்லாமல் நிறுத்துவது எந்தக் குடும்பத்துக்கும் பெருமை சேர்க்காது.